ஃபுட்போர்டில் ஆள் இருந்தால் பஸ் நகராது

கண்டக்டர் சார் ஒரு பொய்யர். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பேன். ஆள் அகப்படவில்லை. அதனால் பத்திரிகையில் சொல்கிறேன்.

பெங்களூரில் ஓடுகிற பஸ் எல்லாம் சேர்ந்து போடுகிற சத்தத்தைவிட அதிகமான சத்தத்தை, சக்கரமே இல்லாத ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு இந்த ஒரு மனுஷன் போட்டார். அந்த பஸ் ஓடியது ஆஸ்டின் டவுனில், எங்கள் ஹைஸ்கூலின் முதல் மாடியில். அதற்கு மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு A பிரிவு. அதாவது நான். சயின்ஸ் டீச்சர், பதினேழு வருஷ சர்வீஸ். என் வகுப்பில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். பசங்க எனக்கு வைத்த பெயர் சைலன்சர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பள்ளியில் A உண்டு, B உண்டு. அதற்கப்புறம் நேரே F. நடுவில் இருக்கிற எழுத்தெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பதாவதில் மார்க் குறைந்த இருபத்தேழு பேரைப் பொறுக்கியெடுத்து ஒரே ரூமில் போட்டார் எங்கள் பள்ளி செகரட்டரி. ஜனவரியில் வருகிற மாதிரித் தேர்வில் யார் யார் ஃபெயிலோ அவர்களுக்கு எல்லாம் டிசி. வெளியே போய் பிரைவேட்டாக எழுதிக்கொள்ளட்டும். பள்ளிக்கு நூறு சதவீதம் ரிசல்ட், கேட்டில் பேனர்.

"யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் கேட்டார். ஒருத்தருக்கும் இல்லை. "ஆதரவா கை தூக்குங்க" என்றார். முதல் கை என்னுடையது. இதை நான் மறைக்கப்போவதில்லை. அந்த இருபத்தேழில் ஒருத்தி புஷ்பா. ஒன்பதாவதில் அவளுக்கு சயின்ஸ் எடுத்தது நான். வருஷம் முழுக்க அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அவள் ரிப்போர்ட்டில் 'பிரயோஜனமில்லை' என்று எழுதியதும் நான்தான்.

அந்த F-க்கு கணக்கும் சயின்ஸும் எடுக்க ஒரு வருஷத்துக்கு மட்டும் ஓர் ஆளைப் பிடித்து வந்தார்கள். "சும்மா சத்தம் போடாம உக்கார வச்சாப் போதும் சார்" என்று செகரட்டரி அவரிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் தலையை ஆட்டினார். அதுதான் அவருடைய முதல் பொய்.

ஜூன் மாதம், முதல் நாள், முதல் பீரியட். நான் செல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிளைவுட் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விசில். பிறகு, கன்னடத்தில் உள்ளே வரச் சொல்லிக் கூவுகிற ஒரு குரல்: "ஆஸ்டின் டவுன், ரிச்மண்ட் சர்க்கிள், கார்ப்பரேஷன், மார்க்கெட், மெஜஸ்டிக்! ஒளகடே பன்னி, ஒளகடே பன்னி! ஏய் பேக்பெஞ்சு, முன்னாடி தள்ளு, மொத்த பஸ்ஸும் காலியா கெடக்குது! ரைட், ரைட்!"

என் வகுப்பில் நாற்பது தலை ஒரே நேரத்தில் பிளைவுட் பக்கம் திரும்பியது.

மத்தியானம் போய்ப் பார்த்தேன். போர்டில் நீளமாக ஒரு கோடு, அதில் ஐந்து ஸ்டாப். நாற்பத்தைந்து நிமிஷப் பீரியடை ஐந்தாக வெட்டி வைத்திருந்தார். ஒன்பது நிமிஷத்துக்கு மேல் ஒரு விஷயம் கிடையாது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எல்லோரும் எழுந்து கையை உதறிவிட்டு ஒரு கணக்குப் போட வேண்டும். தினசரி காலண்டரில் கிழித்த பழைய தாள்தான் டிக்கெட். அதன் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டு நீட்டினால், நிஜ கண்டக்டர்கள் ஒரு காலத்தில் வைத்திருந்த இரும்புப் பஞ்ச் மெஷினால் 'டக்' என்று ஓட்டை போடுவார். தன் டிக்கெட்டைத் தானே பஞ்ச் பண்ணக் கூடாது. அந்த 'டக்'குக்காக பசங்க அடித்துக்கொண்டார்கள். பத்து வருஷமாக சிவப்பு மையில் பெருக்கல் குறி மட்டுமே பார்த்த பசங்க.

விடை தப்பு என்றால் அடி கிடையாது, திட்டு கிடையாது. வாசற்படிக்குப் போய் நிற்க வேண்டும். அது ஃபுட்போர்டு. ஃபுட்போர்டில் ஒரே ஒரு ஆள் தொங்கினாலும் பஸ் நகராது. உள்ளே இருக்கிறவர்களில் யாராவது இறங்கிப் போய் சொல்லிக்கொடுத்து அவனை ஏற்றிக்கொண்டு வரவேண்டும். கண்டக்டர் சார் போகமாட்டார். "நான் ஏத்தினா செல்லாது. பாசஞ்சர்தான் பாசஞ்சருக்குக் கை குடுக்கணும்" என்பார்.

அதோடு ஒரு சனியன் பிடித்த சட்டம் வேறு. புரியவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் "ஹோல்டான்!" என்று கத்தலாம். கத்தினால் அவர் அப்படியே நிற்பார். சாக்பீஸ் காற்றில், வாய் பாதி திறந்தபடி, சில சமயம் ஒரு கால்கூடத் தரையில் இல்லாமல். என்ன புரியவில்லை என்று சொல்கிறவரை அசையமாட்டார். பசங்க விடுவார்களா? முதல் வாரம் அவர் மூச்சு விட்டால் ஹோல்டான், தும்மினால் ஹோல்டான். ஒரே பீரியடில் நாற்பத்தோரு ஹோல்டான். நான் இந்தப் பக்கம் கோடு போட்டு எண்ணினேன். நாற்பத்தோரு தடவையும் நின்றார். அந்த வாரம் முழுக்க பஸ் ரிச்மண்ட் சர்க்கிளைத் தாண்டவில்லை. நிஜ பஸ்ஸே தாண்டுவதில்லை, அது வேறு விஷயம்.

ஜூலையில் எனக்குப் பொறுமை போயிற்று. சண்டை போடுவதென்று முடிவு செய்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். வாசலில் சாதிக் நின்றான். பேச ஆரம்பித்தால் நிறுத்தாத பையன். தோளில் தோல் பை, அன்றைக்கு அவன் அசிஸ்டன்ட் கண்டக்டராம்.

"மிஸ், டிக்கெட்."

"டேய், நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியும் மிஸ். பக்கத்து பஸ் ஓனர். ஆனா இந்த பஸ்ல டிக்கெட் எடுக்கணும்."

ஒரு காலண்டர் தாளை நீட்டினான். ஒரு இருபடிச் சமன்பாடு. படித்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எனக்கு வரவில்லை. வரவில்லை என்று சொல்ல நான் என்ன பைத்தியமா? "இதெல்லாம் நான் போடமாட்டேன்" என்று சொல்லி வாசற்படியிலேயே நின்றேன்.

இருபத்தேழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் சார் விசிலை எடுத்தார். "ஃபுட்போர்டுல ஆள் இருக்காங்க. பஸ் நிக்கும்."

ஒருத்தன் கை தூக்கினான். "மிஸ், நான் வந்து சொல்லித் தரட்டா?"

"வேணாம்!"

"வெக்கப்படாதீங்க மிஸ், எனக்கும் நேத்துதான் வந்துச்சு."

நான் நகரவில்லை. அவர்களும் நகரவில்லை. அவர் போர்டில் சாய்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடிக்கிறவரை அப்படியே. மணி அடித்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "மேடம், நீங்க ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. பீக் அவர்ல ஜாம் பண்ணிட்டீங்க."

அன்று சாயங்காலம் ஹெட்மிஸ்ட்ரஸிடம் மூன்று பக்கப் புகார் கொடுத்தேன். அந்தக் காலண்டர் தாளை ஏனோ கிழித்துப் போடவில்லை. ஹேண்ட்பேக்கில் கிடந்தது.

அவர் நிஜமாகவே கண்டக்டராக இருந்தவரா என்று ஸ்டாஃப் ரூமில் பெரிய ஆராய்ச்சி நடந்தது. நேராகக் கேட்டேன். "நானா? எனக்கு பஸ்ல ஏறினாலே வாந்தி வரும் மேடம்" என்றார். மனுஷன் தினமும் மல்லேஸ்வரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்துகொண்டிருந்தார். நான் நம்பவில்லை. டிசம்பரில் நந்தி மலைக்குச் சுற்றுலா போனபோது நம்பினேன். முன் சீட்டில், மூக்கில் எலுமிச்சம்பழம், மடியில் பாலித்தீன் பை, முகம் பச்சை. மலை வளைவு ஆரம்பித்ததும் F பிரிவு மொத்தமும் அவரைச் சுற்றி நின்றுகொண்டது.

"சார், தாங்கலேன்னா ஹோல்டான் சொல்லுங்க சார். வெக்கப்படாதீங்க."

"ஹோல்... ஹோல்டான்..."

"டிரைவரண்ணா! ஹோல்டான்!" இருபத்தேழு தொண்டை.

பதினோரு தடவை நிறுத்தினார்கள். டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். "யாருப்பா இந்தாளு? சின்னக் கொழந்தையா?" என்று கேட்டார். "இல்லண்ணா, எங்க கண்டக்டர்" என்றான் சாதிக்.

அக்டோபர் கதையைச் சொல்லாமல் விட்டேன். கல்வித் துறையிலிருந்து ஓர் அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். பெரிய ஆள், கன்னடக்காரர், பின்னால் ஃபைல் தூக்க ஒருத்தர். ஹெட்மிஸ்ட்ரஸ் அவரை F பக்கம் போகவிடாமல் காபி, வடை, சின்ன பேத்தியின் டான்ஸ் வீடியோ என்று எல்லாவற்றையும் காட்டினார். விசில் சத்தம் கேட்டு மனுஷன் நேரே அங்கேதான் போனார்.

"டிக்கெட் தகொளி சார்" என்று அவரையும் டிக்கெட் எடுக்கச் சொன்னான் சாதிக்.

"ஏன்ரீ இது?" என்று அதிகாரி ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் என் வகுப்பை விட்டுவிட்டு வராந்தாவில் நின்று பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு சந்தோஷம். இன்றோடு இந்தக் கண்டக்டர் ஒழிந்தான் என்று நினைத்தேன்.

அதிகாரி தாளை வாங்கினார். மூன்று x, அதில் ஏழு போனால் பதினொன்று. x எவ்வளவு? பேனாவைத் திறந்து மளமளவென்று எழுதி நீட்டினார். 3x = 4 என்று இருந்தது.

"சார்..." என்றான் சாதிக். "ஃபுட்போர்டு."

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். புஷ்பா. நாலு மாதமாக அந்த ரூமிலும் அவள் ஒரு ஹோல்டான்கூடச் சொன்னதில்லை. அதிகாரிக்குப் பக்கத்தில் வாசற்படியில் நின்று, தாளில் விரலை வைத்து, கன்னடத்தில் சொன்னாள். சார், ஏழு இந்தப் பக்கம் மைனஸாக இருந்தது, அந்தப் பக்கம் போகும்போது ப்ளஸாகத்தானே இறங்க வேண்டும், நீங்கள் அவசரத்தில் மைனஸாகவே இறக்கிவிட்டீர்கள். "எனக்கும் இதே தப்புதான் வரும் சார்."

அதிகாரி தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அடித்துவிட்டு எழுதினார். 3x = 18. x = 6. 'டக்.' அந்த ஓட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மெஜஸ்டிக் வரை இறங்கவில்லை. போகும்போது டிக்கெட்டை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது.

அதைவிடப் பெரிய எரிச்சல் மறுநாள் காத்திருந்தது. என் A பிரிவில், முதல் ரேங்க் வாங்குகிற பெண், என் பாடத்தின் நடுவில் எழுந்து, "ஹோல்டான் மிஸ்" என்றாள்.

"என்னடி சொன்ன?"

"ஜூன்ல நீங்க எடுத்த முதல் பாடத்துலேர்ந்து ஒண்ணும் புரியல மிஸ். மனப்பாடம்தான் பண்றேன்."

நாற்பது பேரும் தலையை ஆட்டினார்கள். என் வகுப்பு பதினேழு வருஷமாக ஏன் அவ்வளவு அமைதியாக இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜனவரியில் மாதிரித் தேர்வு வந்தது. சயின்ஸ் பேப்பர் திருத்தியது நான். F-இல் இருபத்தாறு பேர் பாஸ். ஒருத்தி ஃபெயில், சயின்ஸில், இரண்டு மார்க்கில். புஷ்பா.

இரண்டு மார்க்தானே, போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் போடமாட்டேன். இதயத்தின் படம் தப்பு என்றால் தப்பு. செகரட்டரி அன்றே டிசி ஃபாரத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

கண்டக்டர் சார் என்னிடம் வந்தார். கெஞ்சுவார், கத்தலாம் என்று தயாராக இருந்தேன்.

"மார்க் கேக்க வரல மேடம். அவ ஃபுட்போர்டுல நிக்கறா. உள்ள இருக்கறவங்க யாராச்சும் இறங்கி வரணும்."

"இருபத்தாறு பேர் இருக்காங்களே, அனுப்புங்க."

"படத்தைப் பூரா தெரிஞ்சவங்க வேணும். நீங்கதான் உள்ள இருக்கீங்க."

போய்யா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை பள்ளிக்கு வந்தால், வாசல் படிக்கட்டில் F பிரிவு மொத்தமும். உட்காரவில்லை, கோஷம் போடவில்லை. ஒவ்வொருத்தரும் ஒரு கையால் ஜன்னல் கம்பியையோ தூணையோ பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலைப் படியில் வைத்து, உடம்பை வெளியே சாய்த்துத் தொங்குகிறார்கள். கட்டடமே மெஜஸ்டிக்குக் கிளம்பப் போகிற மாதிரி இருந்தது. நடுவில் புஷ்பா, அழுது முகம் வீங்கி.

"என்னடா இது, ஸ்ட்ரைக்கா?" என்று கத்தினார் செகரட்டரி.

"இல்ல சார்" என்றான் சாதிக். "ரஷ்ஷு."

செகரட்டரி என்னைப் பார்த்தார். "மேடம், நீங்கதான் கண்டிப்பான ஆளு. கொஞ்சம் சொல்லுங்க இதுகளுக்கு."

கத்தினேன். நான் கத்தினால் தெருமுனை வரை கேட்கும். ஆனால் வாயைத் திறந்தபோது என்னவோ ஆகிவிட்டது, அவர் பக்கம் திரும்பிக் கத்தினேன். "ஒரு வாரம் டைம் குடுங்க சார்! அதே பேப்பரை மறுபடி எழுதட்டும். அப்பவும் ஃபெயில்னா டிசியை நானே என் கையால எழுதறேன்!"

படிக்கட்டில் ஒரு விசில் சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு வாரம், தினமும் காலை, அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அவளுக்கு இதயத்தைச் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் பத்தொன்பது ஹோல்டான். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஹோல்டான் மிஸ். ரத்தம் பின்னாடி வராம வால்வு தடுக்குதுன்னீங்களே. அப்ப வால்வு கண்டக்டரா?"

"ஆமாண்டி. இறங்கினவன் அதே வழியில திரும்ப ஏறக் கூடாது."

"அப்ப புரியுது மிஸ்."

"ஒன்பதாவதுல இதேதானே எடுத்தேன்? அப்ப ஏன்டி கேக்கல?"

"அப்ப ஹோல்டான் இல்லையே மிஸ்."

நான் அவள் நோட்டை வாங்கி இதயத்தை மறுபடி முதலிலிருந்து வரைய ஆரம்பித்தேன்.

புஷ்பா பாஸ். செகரட்டரி எதிரிலேயே உட்கார்ந்து எழுதிப் பாஸ். இருபத்தேழு பேரும் எங்கள் பள்ளி மாணவர்களாகவே பொதுத்தேர்வு எழுதினார்கள். நூறு சதவீதம் வரவில்லை, நான் கதை விடமாட்டேன். மூன்று பேர் ஃபெயிலாகி, அடுத்த தேர்வில் எழுதித்தான் தேறினார்கள். அதில் சாதிக் ஒருத்தன். "டிராஃபிக் மிஸ்" என்றான். பேனர் மட்டும் அடிக்கவில்லை.

கடைசி நாள் கண்டக்டர் சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குப் போகும்போது, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டேன். "ஜூன்ல வருவீங்கல்ல?"

"வராம எங்க மேடம் போவேன்?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஜூனில் ஆள் இல்லை. என் மேசை டிராயரில் அந்த இரும்புப் பஞ்ச் மட்டும் இருந்தது. F ரூமில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருந்தார்கள். செகரட்டரி ரூமுக்குப் போய் மேசையைத் தட்டினேன். அவர் ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். மார்ச் மாதமே கண்டக்டர் சார் எழுதிக் கொடுத்தது. 'இனி F பிரிவு வேண்டாம். பிள்ளைகளை A, B இரண்டிலும் கலந்து உட்காரவையுங்கள். அதற்குத் தனி ஆசிரியர் தேவைப்படாது.' ஒரு சம்பளம் மிச்சம் என்றதும் செகரட்டரிக்கு உடனே கல்வியில் அக்கறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆக, ஜூனில் வருவேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னபோது, தன் வேலையைத் தானே எழுதிக் கொடுத்து ஒழித்துவிட்டுத்தான் அந்த ஆள் நின்றுகொண்டிருந்தார்.

இந்த வருஷம் என் A பிரிவில் ஒன்பது பேர் F-க்குப் போயிருக்க வேண்டியவர்கள். என் போர்டிலும் ஒரு கோடு, ஐந்து ஸ்டாப். பக்கத்து ரூம் டீச்சர் என்மேல் இரண்டு பக்கப் புகார் கொடுத்திருக்கிறார். இரண்டு பக்கம்தான், எழுதத் தெரியாதவர்.

அப்புறம், அந்த இருபடிச் சமன்பாடு. ஹேண்ட்பேக்கிலிருந்து எடுத்து, என் வகுப்புப் பையன் ஒருத்தனிடம் ஹோல்டான் ஹோல்டான் என்று கத்திக் கற்றுக்கொண்டு, ஒரு வழியாகப் போட்டுவிட்டேன். விடை சரி என்றுதான் நினைக்கிறேன். பஞ்ச் என் டிராயரில்தான் இருக்கிறது. ஆனால் தன் டிக்கெட்டைத் தானே பஞ்ச் பண்ணக் கூடாது என்பதும் அவர் சட்டம்தான்.

கண்டக்டர் சார், இதை எந்த ஊரில் படித்துக்கொண்டிருந்தாலும் சரி, இதே பத்திரிகையில் எல்லோரும் பார்க்கப் பதில் எழுதுங்கள். ஃபுட்போர்டில் ஆள் இருந்தால் பஸ் நகராது என்று சொன்னது நீங்கள்தானே? போன வருஷம் ஜூலையிலிருந்து நான் அங்கேதான் நிற்கிறேன். என்னை ஏற்றாமல் எப்படி பஸ்ஸை எடுத்தீர்கள்?